வானொலிக்குக் காது உண்டா?

வானொலிக்கு வாய் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குக் காது உண்டா? சிரிக்காதீர்கள், சற்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் ஆசிரியர் பாடம் நடத்தும்போது உங்கள் முகங்களைப் பார்க்கிறார். யாராவது கொட்டாவி விட்டால் அவருக்குத் தெரிந்துவிடும். நீங்கள் புரியாமல் விழித்தால் மறுபடியும் சொல்லுவார். வானொலியில் பேசுபவருக்கு இந்த வசதி இல்லை. அவர் ஒலி புகாத ஓர் அறையில், ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்து பேசுகிறார். திருச்சியிலிருந்து அவர் குரல் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கடலூர் மாவட்டத்துக் கம்மாபுரத்தை எட்டிவிடும். ஆனால் கம்மாபுரத்திலிருந்து அவருக்கு எதுவும் திரும்பிப் போவதில்லை. நெற்பயிரைத் தாக்கும் புகையானைப் பற்றி அவர் எச்சரித்தார். அது யார் காதில் விழுந்தது? புரிந்ததா? யாராவது அதன்படி செய்தார்களா? அவருக்குத் தெரியாது.

"ஏன், நேயர்கள் கடிதம் எழுதுகிறார்களே!" என்பீர்கள். சரி, 100 கடிதங்கள் வருகின்றன, அதில் 90 கடிதங்கள் நிகழ்ச்சியைப் பாராட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். நிகழ்ச்சி வெற்றி என்று சொல்லலாமா? கூடாது. கேட்காதவர் கடிதம் எழுத மாட்டார். எழுதத் தெரியாதவரும் எழுத மாட்டார். நிகழ்ச்சி நேரத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு அப்படி ஒரு நிகழ்ச்சி இருப்பதே தெரியாது. அவருடைய மௌனம் எந்தத் தபால் பையிலும் வந்து சேராது.

ரேடியோ நெல்

நம் ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன். 1966-ல் திருச்சி வானொலி நிலையத்தில் விவசாயிகளுக்கென்று தனிப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. அந்தச் சமயத்தில் தஞ்சை மாவட்டத்தில் ஏ.டி.டி. 27 என்ற புதிய நெல் பரவிக்கொண்டிருந்தது. அது ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ரகம், குறுவைக்கு ஏற்றது. அதை எப்படிப் பயிரிடுவது என்று வானொலி திரும்பத் திரும்பச் சொன்னது. விவசாயிகள் அந்த நெல்லுக்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் "ரேடியோ நெல்"!

வானொலிக்கு இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா? ஆனாலும் விஞ்ஞான மாணவர்களாகிய நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்த மாவட்டத்தில் 1960 முதலே தீவிர வேளாண்மைத் திட்டம் நடந்துவந்தது. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் கிடைத்தன. அப்படியானால் நெல் பரவியதில் வானொலியின் பங்கு எவ்வளவு, மற்றவற்றின் பங்கு எவ்வளவு? பெயரை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது.

மூன்று வகைக் கிராமங்கள்

உரம் பயிருக்கு நல்லதா என்று அறிய நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒரு தொட்டிக்கு உரம் இட்டு, இன்னொன்றுக்கு இடாமல் விட்டு, இரண்டையும் ஒப்பிடுவீர்கள். கிராமங்களை வைத்தும் இப்படிச் செய்ய முடியுமா? முடியும் என்று 1956-ல் காட்டினார்கள்.

அன்றைய பம்பாய் மாநிலத்தில், 5 மாவட்டங்களில், 150 கிராமங்களில் வானொலி மன்றங்கள் அமைக்கப்பட்டன. ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் இதற்கு உதவியது. ஒவ்வொரு மன்றத்திலும் சுமார் 20 பேர். புனே வானொலி வாரத்துக்கு 2 முறை, அரை மணி நேரம் நிகழ்ச்சி ஒலிபரப்பியது. மொத்தம் 10 வாரம், 20 நிகழ்ச்சிகள். நிகழ்ச்சி முடிந்ததும் யாரும் எழுந்து போய்விடவில்லை. உட்கார்ந்து விவாதித்தார்கள். சந்தேகங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பினார்கள். அவற்றுக்குப் பதிலும் வானொலியில் வந்தது.

விளைவை அளக்கும் பொறுப்பை பம்பாயிலிருந்த டாட்டா சமூகவியல் நிறுவனம் ஏற்றது. பால் நியூராத் என்ற சமூகவியல் அறிஞர் அந்த ஆய்வை நடத்தினார். மூன்று வகைக் கிராமங்கள் ஒப்பிடப்பட்டன. முதல் வகையில் வானொலியும் மன்றமும் இருந்தன. இரண்டாவதில் வானொலி மட்டும் இருந்தது. மூன்றாவதில் வானொலியே இல்லை. நிகழ்ச்சிகள் தொடங்குமுன் ஒரு முறையும், முடிந்தபின் ஒரு முறையும் மக்களிடம் கேள்விகள் கேட்டு, அவர்கள் எவ்வளவு தெரிந்துகொண்டார்கள் என்று கணக்கிட்டார்கள்.

மன்றக் கிராமங்களில் அறிவு நன்றாக வளர்ந்திருந்தது. வானொலி மட்டும் இருந்த கிராமங்களில் வளர்ச்சி சொற்பமே! பெட்டி இருந்தால் மட்டும் போதாது, கூடிப் பேசவும் திருப்பிக் கேட்கவும் வழி வேண்டும் என்று தெரிந்தது. இரண்டாவது வகைக் கிராமங்களை ஒப்பிடாமல் விட்டிருந்தால் இந்த உண்மை வெளிவந்திருக்காது. 1959-ல் இத்தகைய மன்றங்கள் நாட்டின் பிற பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டன.

நீங்களும் செய்யலாம்

இப்போது கம்மாபுரத்துக்கு வருவோம். அருகில் நெய்வேலிச் சுரங்கங்கள். இந்த வட்டாரத்தில் வயல்வேலை செய்பவர்களும் உண்டு, முந்திரித் தோப்பு வைத்திருப்பவர்களும் உண்டு. சுரங்கத்துக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குவார்கள். இத்தனை விதமான மக்களுக்கு எந்த நேரத்தில், எதைப் பற்றிப் பேசுவது?

மாலையில் டீக்கடைக்குப் போய் 40 பேரைக் கேட்டால் போதுமா? போதாது. அங்கே பெரும்பாலும் ஆண்கள்தான் இருப்பார்கள். இரண்டாம் ஷிப்டுக்காரர் அப்போது சுரங்கத்தில் இருப்பார். சரியான வழி இது: உங்கள் ஊரில் 400 வீடுகள் என்றால் வரிசையாக எண் கொடுங்கள். 1 முதல் 10 வரை சீட்டு எழுதிக் குலுக்கி ஒன்றை எடுங்கள். 7 வந்தால் 7, 17, 27 என்று பத்தாவது வீடுதோறும் செல்லுங்கள். 40 வீடுகள் கிடைக்கும். வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைக் கேட்டு முடித்துவிடாதீர்கள். வேறு நேரத்தில் திரும்பப் போங்கள். ஒரு வீட்டில் ஆணைக் கேட்டால் அடுத்த வீட்டில் பெண்ணைக் கேளுங்கள்.

கேள்வியிலும் கவனம் வேண்டும். "வானொலி நிகழ்ச்சி நன்றாக இருக்கிறதா?" என்றால் வீடு தேடி வந்த பிள்ளைகளின் மனம் நோகக்கூடாதென்று "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். "நேற்று வானொலி கேட்டீர்களா? எத்தனை மணிக்கு? என்ன சொன்னார்கள்?" என்று கேளுங்கள். லண்டன் பி.பி.சி. 1939 டிசம்பரிலிருந்து தினமும் நூற்றுக்கணக்கானவர்களிடம் இப்படித்தான் முந்தைய நாளைப் பற்றி விசாரித்து வந்தது. அனுமதி பெற்ற பிறகே கேளுங்கள், பெயரைக் குறிக்க வேண்டாம்.

கடைசியாக இதையும் கேளுங்கள்: "மின்சாரம் இல்லாதபோது பேட்டரியில் பாடும் ரேடியோ உங்கள் வீட்டில் உண்டா?" 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தைத் தாக்கியது. முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்தன. பல கிராமங்கள் பல நாட்கள் இருட்டில் கிடந்தன. அப்படிப்பட்ட நாளில் எச்சரிக்கை எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேரும்? 40 வீடுகளில் 30 வீடுகள் "இல்லை" என்று சொன்னால், எவ்வளவு நல்ல அறிவிப்பும் அந்த வீடுகளை எட்டாது. அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

கிடைத்த விடைகளை அட்டவணையாக்கி உங்கள் வானொலி நிலையத்துக்கு அனுப்புங்கள். வானொலிக்குத் தானாகக் காது முளைக்காது. கேட்பவர்களைத் தேடிப் போய்க் கேட்டால்தான் அதற்குக் காது கிடைக்கும். அந்த வேலையை உங்கள் தெருவிலிருந்தே தொடங்கலாமே!