மலைக் காப்பியும் புளிப்பு என்னும் சொல்லும்

ஜார்ஜ் டவுனின் பழைய கடைகளில் 'கோப்பி ஓ' என்று கேட்டால், பால் கலவாத கறுப்புக் கோப்பி சீனியுடன் மேசைக்கு வரும். 'கோப்பி' மலாய்ச் சொல். 'ஓ' கறுப்பு எனப் பொருள்படும் ஹொக்கியன் சொல். 'கோப்பித்தியாம்' என்பதிலுள்ள 'தியாம்' கடையைக் குறிக்கும் ஹொக்கியன் சொல்லே. ஒரு கிண்ணத்தைக் கேட்டுப் பெறுவதற்குள் இரண்டு மொழிகள் கைகோத்து நிற்கின்றன. அதே மேசையில் அமர்ந்திருக்கும் தமிழரிடம் அக்கிண்ணத்தின் சுவையைத் தமிழில் விவரிக்குமாறு கேட்டால், பெரும்பாலும் 'கசப்பு' என்ற ஒரு சொல்லோடு விடை முடிந்துவிடுகிறது. காப்பிக்குக் 'குளம்பி' எனப் பெயரிடலாமா என்று நாம் நெடுங்காலம் வாதிட்டிருக்கிறோம். அதன் சுவைகளுக்கு நம்மிடம் ஏற்கெனவே உள்ள சொற்களையோ எடுத்தாள மறந்துவிட்டோம். காப்பி மலையில் விளைந்து கிண்ணத்தை அடையும் வழியைத் தொடர்ந்து சென்று, ஒவ்வொரு படியிலும் அச்சொற்கள் எவ்வாறு பயன்படும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலை

மலேசியாவில் விளையும் காப்பியில் பெரும்பகுதி லைபீரிக்கா, ரொபஸ்டா ஆகிய இனங்களைச் சேர்ந்தது. இவை தாழ்நிலத்து வெப்பத்தைத் தாங்குவன. எத்தியோப்பிய மலைக்காடுகளைத் தாயகமாகக் கொண்ட அரபிக்காவோ குளிர்ச்சியை நாடுவது. எனவே மலைக் காப்பியைக் காண நாம் கடல் கடந்து தமிழகத்து மலைகளுக்குச் செல்ல வேண்டும். சேலத்தை அடுத்த சேர்வராயன் மலையில், ஏற்காட்டில், 1820களில் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் காப்பியை அறிமுகப்படுத்தினார். திண்டுக்கல் மாவட்டத்துக் கீழ்ப்பழனி மலைகளிலும் காப்பி விளைகிறது. அங்குள்ள தாண்டிக்குடியில் இந்தியக் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்கி வருகிறது.

தென்னிந்திய மலைகளில் அரபிக்கா பொதுவாக 1,000 முதல் 1,500 மீட்டர் உயரத்தில், மர நிழலில் வளர்க்கப்படுகிறது. நிழலுக்கென நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெய்யும் கோடைமழையை அடுத்துச் செடிகள் ஒருசேரப் பூக்கின்றன. அந்த வெண்பூக்களின் மணம் மல்லிகையை நினைவூட்டும். பூத்த எட்டு, ஒன்பது மாதங்களில் பழம் கனியும். உயரம் கூடக் குளிர்ச்சி கூடும்; குளிர்ச்சி கூடப் பழம் மெல்லப் பழுக்கும்; மெல்லப் பழுக்கும் பழத்தின் விதை இறுகி, சுவைக்கு அடிப்படையான பொருள்கள் அதில் நன்கு திரளும். மலைக் காப்பியின் பெருமைக்கு அடிப்படை இதுவே.

ஆயினும் ஒரு கிளையிலுள்ள பழங்கள் எல்லாம் ஒரே நாளில் சிவப்பதில்லை. சிவந்தவற்றை மட்டும் கையால் பறித்து, மற்றவற்றை விட்டுவைத்து, சில நாள் கழித்து மீண்டும் வர வேண்டும். அவசரத்தில் காயும் கலந்துவிட்டால் கிண்ணத்தில் துவர்ப்பு ஏறும். வாழைக்காயையும் மாதுளந்தோலையும் அறிந்த நமக்கு, நாவை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு வேறு, கசப்பு வேறு. அறுசுவையில் இரண்டும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. ஆகவே 'இக்காப்பி துவர்க்கிறது' என்று தமிழில் சொன்னால், குறை பறிப்பில் இருக்கக்கூடும் என்ற குறிப்பும் உடன் கிடைக்கிறது.

தொட்டியும் களமும்

பறித்த பழத்தைப் பதப்படுத்தும் வழிகளுள் இரண்டு முதன்மையானவை. முதலாவது, பழத்தை அப்படியே வெயிலில் உலர்த்திப் பின்னர் ஓட்டை நீக்குவது. இரண்டாவது, எந்திரத்தால் தோலை உரித்து, விதையில் ஒட்டியிருக்கும் வழுவழுப்பான சதையைத் தொட்டியில் நொதிக்க வைத்து, நீரில் கழுவி, பின்னர் உலர்த்துவது. நொதித்தலுக்குத் தட்பவெப்பத்தைப் பொறுத்து அரை நாள் முதல் ஒன்றரை நாள் வரை ஆகும். உலர்த்தும் இடத்திற்குக் 'களம்' என்று பெயர். நெல்லடிக்கும் இடத்திற்கு உழவர் வழங்கிய சொல்லையே காப்பித் தோட்டத் தொழிலாளரும் மலைக்கு எடுத்துச் சென்றுள்ளனர். விதையின் ஈரப்பதம் 10 முதல் 12 விழுக்காடாகக் குறையும்வரை களத்தில் அது கிளறப்பட்டுக்கொண்டே இருக்கும்.

நாம் சொல்லாராய்ச்சியில் நின்று நோக்க வேண்டிய இடம் இதுவே. 'புளிக்கிறது' என்னும் வினைக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. 'மாங்காய் புளிக்கிறது' என்றால் அது சுவையைக் குறிக்கும். 'மாவு புளிக்கிறது' என்றால் அது நொதித்தலைக் குறிக்கும். இட்லி மாவு புளித்தால் மகிழ்கிறோம். நேற்றைய குழம்பு புளித்தால் கொட்டிவிடுகிறோம். காப்பியில் இவ்விரு பொருளும் ஒரே கிண்ணத்தில் சந்திக்கின்றன. மலை தந்த புளிப்பு, எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலமும் ஆப்பிளிலுள்ள மாலிக் அமிலமும் போன்றவற்றால் அமைவது. அது உயர்தரக் காப்பியின் அழகு. தொட்டியில் அளவு மீறிப் புளித்ததால் வரும் நெடியோ குறை. இரண்டையும் 'புளிக்கிறது' என்ற ஒரே சொல்லால் குறித்தால், பாராட்டும் பழியும் ஒன்றாகிவிடும். முன்னதைக் 'கனிப்புளிப்பு' என்றும், பின்னதைக் 'காடிநெடி' என்றும் வழங்கலாம் என்பது நம் பரிந்துரை. காடி என்பது புளித்த நீருக்கு நம் முன்னோர் வழங்கிய சொல்லாதலால் பொருளும் பொருந்துகிறது. களத்தில் சரியாக உலராத விதையில் தோன்றும் குறைக்குப் 'பூஞ்சை வாடை' என்ற வழக்குச் சொல்லே போதும்.

நெருப்பு

வறுக்கும்போது பச்சை விதை மஞ்சளாகி, பழுப்பாகி, ஏறத்தாழ 200 பாகை செல்சியசை நெருங்கும்போது சோளம் பொரிவதுபோல் ஒலியெழுப்பி வெடிக்கும். வறுவல் நீள நீளக் கனிப்புளிப்புக் குறைந்து கசப்பு மிகும். பினாங்கின் மரபான கோப்பி சீனியும் மார்கரினும் சேர்த்துக் கருமையாக வறுக்கப்படுவது. அதன் கசப்பும் பாகு மணமும் அந்த வறுவல் தந்தவை. அது குறையன்று, வேறொரு மரபு. சிறப்புத்தரக் காப்பியை வறுப்போரோ, மலை தந்த சுவை மறையாதிருக்கும்படி பெரும்பாலும் முன்னதாகவே நிறுத்திவிடுவர். எல்லை கடந்தால் வருவது 'கருகல்'.

நாக்கு

'சிறப்புத்தரக் காப்பி' என்னும் கருத்துக்கு 1974இல் பெயர் சூட்டியவர் எர்னா நட்சன் என்ற அமெரிக்கக் காப்பி வணிகப் பெண்மணி. பல ஆண்டுகளாக வழங்கிவந்த மதிப்பீட்டு முறையில், 100க்கு 80 புள்ளிகளும் அதற்கு மேலும் பெறும் காப்பியே இப்பெயருக்கு உரியது. சுவைப்போர் 150 மில்லிலிட்டர் நீருக்கு 8.25 கிராம் தூள் இட்டு, 93 பாகை அளவிலான வெந்நீர் ஊற்றி, நான்கு நிமிடம் கழித்து மேலே படியும் ஏட்டைக் கரண்டியால் விலக்கி முகர்வர். பின்னர் ஒலியெழ உறிஞ்சுவர். சூடாகவும் ஆறிய நிலையிலும் திரும்பத் திரும்பச் சுவைத்தே புள்ளியிடுவர்.

அவர்கள் தேடும் பண்புகள் பலவற்றுக்கு நம் மொழியில் சொற்கள் உள்ளன. நாவில் உணரும் கனத்தைத் 'திண்மை' எனலாம். விழுங்கிய பின் நிலைப்பது 'பின்சுவை'. நெல்லிக்காய் தின்று நீர் அருந்திய தமிழ்ச் சிறுவர் எவர்க்கும் இதை விளக்க வேண்டியதில்லை. மணத்தைக் குறிக்கையில் மட்டும் கவனம் தேவை. பழந்தமிழில் நறுமணத்தையும் சுட்டிய 'நாற்றம்' இன்று கெட்ட வாடைக்கே உரியதாகிவிட்டது. சொல்லும் காலத்தால் புளிக்கும் போலும்.

ஏன் இச்சொற்கள்?

துவர்ப்பு பறிப்பையும், காடிநெடி தொட்டியையும், பூஞ்சை வாடை களத்தையும், கருகல் நெருப்பையும் நோக்கி விரல் நீட்டுகின்றன. சுவைச்சொல் ஒவ்வொன்றும் ஒரு தொழிலை, அத்தொழிலைச் செய்த கையைச் சுட்டுகிறது. அந்தக் கைகளுள் தமிழர் கைகள் பல. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் கண்டி மலைகளுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் முதலில் உழைத்தது தேயிலைக்காக அன்று, காப்பிக்காக. 1869இல் அங்குக் காணப்பட்ட இலைத்துரு நோய் அத்தோட்டங்களை அழித்த பின்னரே தேயிலை தழைத்தது. மலாயாவிலும் ரப்பர் பரவுவதற்கு முன் காப்பித் தோட்டங்கள் இருந்தன. பினாங்குத் துறையில் வந்திறங்கியோர் அவற்றிலும் பாடுபட்டனர். இன்றும் சேர்வராயன் மலையில் பழம் பறிப்பவர் பேசுவது தமிழே. அவர் பறித்த காப்பியின் புள்ளி ஏன் குறைந்தது என்பதை அவருக்கு விளங்கும் மொழியில் சொல்ல முடிந்தால்தான், அடுத்த பறிப்பில் அதை அவரால் திருத்த முடியும்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. அறுசுவையை மனப்பாடப் பட்டியலாக மட்டும் கற்பியாமல், நெல்லிக்காயையும் மாங்காயையும் வாழைக்காயையும் வகுப்பறைக்குக் கொணருங்கள். மாணவர் தாம் சுவைத்ததைத் தம் சொல்லால் எழுதட்டும். 'புளிக்கிறது' என்று ஒரு மாணவர் எழுதினால், கனியின் புளிப்பா, காடியின் புளிப்பா என்று கேளுங்கள். அந்த ஒரு வினாவுக்கு விடை தேடும்போது, அவர் மலையையும் தொட்டியையும் ஒருங்கே அறிந்துகொள்வார்.