மழையில் மலையேறுவோர் கைக்கு ஓர் உறை

ஆனி பிறப்பதற்கு முன்பே மேல்கடலிலிருந்து கார்முகில் திரண்டுவந்து சஹ்யாத்திரி மலைத்தொடரின்மீது பொழியத் தொடங்கிவிடுகிறது. கோடையில் காய்ந்து கருகிக் கிடந்த குன்றுகளெல்லாம் சில வாரங்களுக்குள் பசும்பட்டு உடுத்திக்கொள்கின்றன. அப்பொழுது மாதுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும் வாழும் நம் இல்லத்து இளைஞர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையன்று வீட்டில் இருப்புக்கொள்வதில்லை. விடியுமுன் எழுந்து, கர்ஜத்துக்கோ கஸாராவுக்கோ செல்லும் முதல் ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள். மழைச்சட்டை எடுத்துக்கொண்டாயா, வழுக்காத காலணி போட்டுக்கொள், இட்லிப் பொட்டலம் நசுங்காமல் மேலே இருக்கட்டும் என்று தாய்மார் சொல்லியனுப்பும் எச்சரிக்கைகளில் தலைக்கும் காலுக்கும் வயிற்றுக்கும் இடம் உண்டு. கையைப்பற்றி நினைப்பவர் அரியர்.

கையுறை என்ற சொல் நமக்குப் புதிதன்று. சங்க நூல்களில் அது தலைவன் தலைவிக்குக் கொண்டுசெல்லும் காணிக்கைப் பொருளைக் குறித்தது. பிற்காலத்தில்தான் கையை மூடும் உறைக்கு அது பெயராயிற்று. உறை என்பதற்கு மழைத்துளி என்றும் ஒரு பொருள் உண்டு. மழையில் அணியும் கையுறையைப்பற்றி எழுதப் புகுந்த நமக்கு இச்சொற்பொருத்தம் ஓர் இன்பத்தைத் தருகிறது. நிற்க.

தண்ணீர் புகாத கையுறை எது என்று கடைக்காரரைக் கேட்பதே வழக்கமாயிருக்கிறது. அக்கேள்விக்கு முன்னே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: நாம் நனையப்போவது வெம்மழையிலா, குளிர்மழையிலா? மலைப்பாதையில் கைக்கு உள்ள கடமைகள் சில. கம்பியைப் பற்றவேண்டும், பையின் வாரை அவிழ்க்கவேண்டும், மழைச்சட்டையின் பல்லிணைப்பை இழுத்து மூடவேண்டும். நனைந்த விரல் இவற்றையெல்லாம் செய்யும். விறைத்த விரல் செய்யாது. உடல் குளிரத் தொடங்கினால் இதயத்தையும் மூளையையும் காப்பதற்காகக் கைகால்களுக்குச் செல்லும் குருதியை அது குறைத்துக்கொள்கிறது. விரலின் தோல் ஏறக்குறைய 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்தால் நுண்ணிய வேலைகளில் தடுமாற்றம் தோன்றுகிறது. அசையாத காற்றைக் காட்டிலும் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துவதால், நனைந்த கை காற்றில் படும்போது அந்நிலை விரைவில் வந்துசேரும். சட்டையை மூடக் கை உதவாமற்போனால் மார்பு நனையும். மார்பு நனைந்தால் உடல் மேலும் குளிரும். மலைமீது உயிருக்கு இடையூறு பெரும்பாலும் இப்படிச் சிறிதாகத்தான் தொடங்குகிறது.

முதலில் நம் அண்டையிலுள்ள சஹ்யாத்திரியைப் பார்ப்போம். இங்கே பெய்யும் மழை அளவில் பெரிது. மகாபலேசுவரத்தில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ஆயினும் அது வெம்மழை. மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய கல்சுபாயின் உயரம் 1,646 மீட்டர்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்ற கணக்குப்படி, ஆடி மாதத்திலும் அதன் உச்சி கடுங்குளிராக இராது. காற்று வீசினால் உடல் நடுங்கலாம். நடக்கத் தொடங்கினால் நடுக்கம் போய்விடும். அங்கே கைக்கு வரும் தீங்கு வேறு. கல்சுபாயில் செங்குத்தான இடங்களில் இரும்பு ஏணிகளும் சங்கிலிகளும் அமைத்திருக்கிறார்கள். நாசிக் பக்கத்து ஹரிஹர் கோட்டையிலோ பாறையை வெட்டிப் படிகளும், கைபிடிக்கக் குழிகளும் செய்திருக்கிறார்கள். மழையில் இவையனைத்தும் வழுக்கும். பல மணி நேரம் நனைந்த தோல் மென்மையடைந்து, பாறையின் ஓரத்தில் பட்டால் எளிதில் கிழியும். நனைந்த விரல்நுனியில் விழும் சுருக்கமோ இயற்கை நமக்குச் செய்த உதவி என்று கொள்ளத்தகும். அது நீர் ஊறி வீங்குவதால் வருவது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் நரம்புகளின் செயலால் தோலடியிலுள்ள நாளங்கள் சுருங்குவதால் வருவது.

ஆகவே சஹ்யாத்திரிக்கு வேண்டியது பிடிப்பு. தொழிற்சாலைகளில் சாமான் தூக்குவோர் அணியும் கையுறை ஒன்றுண்டு: பின்னல் துணியில் செய்து, உள்ளங்கைப் பக்கம் மட்டும் நைட்ரில் என்னும் செயற்கை ரப்பரை மெல்லிதாகப் பூசியிருப்பார்கள். மும்பையில் நாக்தேவி தெருவிலுள்ள இரும்புச்சாமான் கடைகளில் இது மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். புறங்கை வழியே நீர் நுழையும், அவ்வழியே வெளியேறியும்விடும். விரல்கள் நனைந்திருப்பினும் சங்கிலியை விடமாட்டா. எடையோ சட்டைப்பைக்கே தெரியாது. பூச்சில்லாத வெறும் பருத்திக் கையுறையை மட்டும் வாங்கவேண்டாம். அது தண்ணீரைக் குடித்துக் கனத்து, கம்பியில் நழுவும்.

இவ்விடத்தில், விலையுயர்ந்த கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டோம், இனிப் பிள்ளைக்குக் கவலையில்லை என்றிருக்கும் தந்தையருக்கு ஒரு வார்த்தை. நீரைத் தடுத்து வியர்வை ஆவியை மட்டும் வெளியே விடும் சவ்வுகள் இன்று பல பெயர்களில் விற்கப்படுகின்றன. அவற்றுள் புகழ்பெற்றதற்கு அடிப்படையான பொருளை 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ராபர்ட் கோர் என்பவர் கண்டுபிடித்தார். டெஃப்லான் என்று நாம் தோசைக்கல்லில் அறிந்திருக்கும் பொருளையே சூடேற்றி வெடுக்கென்று இழுத்தபோது, அது நுண்துளைகள் நிறைந்த சவ்வாயிற்று. அருமையான கண்டுபிடிப்புத்தான். ஆனால் உள்ளே வெப்பமும் ஈரமும் மிகுந்து, வெளியே குளிர்ச்சியும் வறட்சியும் இருக்கும்போதே ஆவி வெளியேறும். நம் மேற்கு மலையில் ஆவணிவரை வெளிக்காற்றே நீராவி நிறைந்து நிற்கிறது. சவ்வு என்ன செய்யும்? கை தன் வியர்வையிலேயே நனைகிறது. வெளித்தோலாகப் பூசிய நீரொட்டா மருந்து தேய்ந்ததும் மேல்துணி ஊறி, எஞ்சிய ஆவிப்போக்கும் நின்றுவிடுகிறது. பொருள் பழுதன்று, இடம்தான் பொருந்தவில்லை.

இனிக் குளிர்மழைக்கு வருவோம். நம் குடும்பங்கள் பல, இமயத்தின் மலர்ப்பள்ளத்தாக்கையும் அதற்கு அடுத்துள்ள ஹேமகுண்டத்தையும் காண உத்தரகண்டத்துக்குப் போய்வருகின்றன. 1931-ஆம் ஆண்டு காமேட் சிகரத்தில் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேயர் இப்பள்ளத்தாக்கைக் கண்டு எழுதியதால் அதன் பெயர் உலகெங்கும் பரவிற்று. 2005-இல் யுனெஸ்கோ நிறுவனம் அதை உலகப் பாரம்பரியக் களமாக ஏற்றுக்கொண்டது. அங்கே மலர்கள் பூத்துக் குலுங்குவது ஜூலை, ஆகஸ்டு மாதங்களில்; மழை பெய்வதும் அவ்விரு மாதங்களிலேதான். மலரை வேண்டுவோர் மழையைத் தவிர்க்க இயலாது. தங்குமிடமான காங்கரியா ஏறக்குறைய 3,050 மீட்டர் உயரத்திலும், ஹேமகுண்டம் ஏறக்குறைய 4,300 மீட்டர் உயரத்திலும் உள்ளன. காலையில் காங்கரியாவில் பத்து டிகிரி இருந்தால் ஏரிக்கரையில் இரண்டு டிகிரிதான் இருக்கும். கல்சுபாயில் உதவிய பின்னல் கையுறை இங்கே நனைந்த கந்தலுக்கு ஒப்பாகும்.

இங்கு ஏற்றது இரட்டை ஏற்பாடு. உள்ளே மெல்லிய கம்பளிக் கையுறை. வெளியே நீர் புகாத, பஞ்சு வைக்காத மேலுறை. கம்பளி தன் எடையில் மூன்றிலொரு பங்குக்கு அருகில் ஈரத்தை உறிஞ்சினாலும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும் இயல்புடையது. பருத்திக்கு அது இல்லை. மேலுறை விரல் பிரியாமல், கட்டைவிரலுக்கு மட்டும் தனியிடம் விட்டதாக இருப்பது நன்று. நான்கு விரல்களும் ஒன்றையொன்று சூடேற்றிக்கொள்ளும், தையலும் குறைவு. ஊசி சென்ற துளையெல்லாம் நீர் செல்லும் வழியாகையால், உட்புறத்தில் தையல்மீது பட்டை ஒட்டியிருக்கிறதா என்று புரட்டிப்பார்த்து வாங்கவேண்டும். இவ்விரண்டும் சேர்ந்து நூறு கிராம் அளவில் அடங்கும். பஞ்சு திணித்த பனிச்சறுக்குக் கையுறை அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு எடையுள்ளது. உள்ளே ஒருமுறை நனைந்துவிட்டால் பயணம் முடியும்வரை உலராது.

மேலுறைக்குப் பணம் செலவிட விரும்பாதவர்கள் வீட்டு அடுக்களையை நோக்கலாம். பாத்திரம் துலக்கும் ரப்பர் கையுறையில் தையலே இல்லை. நீர் புக வழியும் இல்லை. தம் அளவுக்கு ஒரு பங்கு பெரிதாக வாங்கி, உள்ளே கம்பளி உறையைப் போட்டுக்கொண்டால் குளிர்மழைக்கு நன்றாகத் தாங்கும். பார்ப்பவர் நகைத்தால் நகைக்கட்டும். வியர்வை உள்ளேயே தங்கும் என்பது உண்மை. எனினும் வெதுவெதுப்பான ஈரம், குளிர்ந்த ஈரத்தைவிட ஆயிரம் பங்கு மேல். இயற்கை ரப்பர் சிலர் தோலுக்கு ஒவ்வாது. அவர்கள் நைட்ரிலால் ஆனதைத் தேடிக்கொள்ளவேண்டும்.

எவ்வளவு நல்ல உறையாயினும் மணிக்கட்டில் தோற்றுவிடும். கையைத் தொங்கவிட்டு நடக்கும்போது மழைச்சட்டையின் கைப்பகுதி உறைக்கு மேலே இருக்கவேண்டும். இன்றேல் சட்டையில் வழியும் நீரெல்லாம் உறைக்குள் இறங்கும். கையை உயர்த்திக் கம்பியைப் பற்றி ஏறும் இடத்திலோ, உறையின் வாய் சட்டைக்கு மேலே இருக்கவேண்டும். இன்றேல் நீர் முழங்கைவரை ஓடும். ஊன்றுகோலை உயரப் பிடித்து நடப்போரும் இதை நினைவிற்கொள்க. நம் பெண்மணிகள் வளையலோடு உறையணிந்தால் மணிக்கட்டுப் பட்டை படியாமல் இடைவெளி நிற்கும். மலைக்குப் புறப்படும்போது வளையல்களைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுவதே நலம். மோதிரமும் அப்படியே, உயரத்தில் விரல் வீங்கினால் அதைக் கழற்றுவது பெரும்பாடாகிவிடும்.

வாங்கும்போது கையை விரித்துப் பார்த்தால் போதாது. ஒரு குடையின் கம்பை இறுகப் பற்றிப் பார்க்கவேண்டும். விரல்நுனியில் உறை இழுத்தால் அது சிறிது; இறுகிய உறை குருதியோட்டத்தைத் தடுத்துக் குளிரை வரவழைக்கும். உட்கையுறையையும் உடன் கொண்டுபோய் அதன்மேல் அணிந்து பார்க்கவேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளித் தண்ணீரில், வாய் நனையாதபடி பத்து நிமிடம் கையை அமிழ்த்தி, விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். கசிவு இருந்தால் மாதுங்காவிலேயே தெரிந்துவிடும். ஹேமகுண்டம் போய் அறியவேண்டியதில்லை.

சிறுவர்களுக்கு விரல் பிரியாத உறையே தகும். ஒரு நாடாவின் இரு முனைகளிலும் உறைகளைக் கட்டி, சட்டையின் கைகளுக்குள்ளே கோத்துவிட்டால் ஒன்று தொலையாது. குழந்தை தன் கை குளிர்கிறதென்று சொல்லாது. அழும், அல்லது பேசாமலிருக்கும். ஆதலால் மணிக்கொரு முறை உறையைக் கழற்றி விரலைத் தொட்டுப்பாருங்கள். முதியவர்களுக்கும் இது பொருந்தும். ஹேமகுண்டத்துக்கு மட்டக்குதிரைமேல் செல்வோர் நடப்பவரைவிட விரைவில் குளிர்ந்துவிடுவர். உடல் உழைக்காதபோது வெப்பம் எங்கிருந்து வரும்? அவர்களுக்கு உட்கையுறை சற்றுத் தடிப்பாக இருக்கட்டும். மாற்றுக்கு ஓர் இணையைப் பாலிதீன் பையில் கட்டி வைத்துக்கொள்ளவும்.

விரல் மரத்துப்போனால் நனைந்த உறையைக் கழற்றிவிட்டுக் கையை அக்குளுக்குள் வைத்துச் சூடேற்றுங்கள். அடுப்பினருகே நீட்டவேண்டாம். உணர்ச்சியற்ற விரல் சுடுவதை அறியாது வெந்துவிடும். உறையையும் நெருப்பில் உலர்த்தலாகாது. சவ்வும் ரப்பரும் கெட்டுவிடும். கம்பளி உட்கையுறையை நன்றாகப் பிழிந்து, இரவில் உள்சட்டைக்கும் மேற்சட்டைக்கும் இடையில் வைத்துக்கொண்டு படுத்தால், விடிவதற்குள் உடற்சூட்டிலேயே பெரும்பாலும் உலர்ந்திருக்கும். ஊருக்குத் திரும்பியதும் ரப்பர் உறையை உட்புறம் வெளியாகத் திருப்பி நிழலில் காயவைத்து, சிறிது முகப்பவுடர் தூவி வையுங்கள். மும்பையின் ஈரக்காற்றில் இதைச் செய்யாவிட்டால் ஐப்பசிக்குள் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும்.