ஒரே கிப்லா, வெவ்வேறு பெயர்கள்

பால்கன் தீபகற்பத்தின் படத்தை விரித்துப் பாருங்கள். அல்பேனியாவுக்கும் வட மாசிடோனியாவுக்கும் நடுவே, ஆப்பு இறக்கியதுபோல் கொசோவாவின் தென்முனை நீண்டிருக்கும். அதுவே டிராகாஷ் நகராட்சி. நகராட்சி என்றதும் பெரிய பட்டணம் என எண்ணிவிட வேண்டாம். ஒரு சிற்றூரும், ஷார் மலைச் சரிவுகளில் சிதறிக் கிடக்கும் முப்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களுமே அது. பரப்பு ஏறத்தாழ 430 சதுர கிலோமீட்டர்.

வடபகுதிக்கு ஒபோயா என்று பெயர். அங்கு வாழ்வோர் அல்பேனியர். தென்பகுதி கோரா. ஸ்லாவிய மொழியில் 'கோரா' என்றால் மலை. அங்குள்ளோர் கோரானியர், அதாவது மலைவாணர். தம் பேச்சை அவர்கள் 'நாஷின்ஸ்கி' என்பர். 'நம்முடையது' என்பதே அதன் பொருள். மொழிக்கு இதைவிட உரிமையான பெயர் வேறென்ன வேண்டும்!

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 33,997 பேர் பதிவாயினர். அல்பேனியர் 20,287, கோரானியர் 8,957, போஸ்னியாக்கர் 4,100, துருக்கியர் 202. இவர்களில் ஏறக்குறைய அனைவரும் முஸ்லிம்கள். பாங்கோசை ஒன்று, கிப்லா ஒன்று. எனினும் கணக்கெடுப்புத் தாளில் பிரிவினை.

வியப்பு யாதெனில், கோரானியர், போஸ்னியாக்கர் என்று பதிந்தோரில் பலர் ஒரே ஊரினர், ஒரே பேச்சினர். 1971இல் யுகோஸ்லாவிய அரசு 'முஸ்லிம்' என்பதையே ஓர் இனப்பெயராகக் கணக்கில் ஏற்றது. அந்நாடு சிதறியபின் அப்பெயர் போதவில்லை. புதிய பெயர் தேட நேர்ந்தது. இது வெறும் பெயர்ச் சண்டையன்று. பிள்ளை செர்பிய மொழிப் பாடத்திட்டத்தில் பயில்வதா, போஸ்னிய மொழிப் பாடத்திட்டத்தில் பயில்வதா என்ற வினாவும் இதனோடு பிணைந்திருக்கிறது. வீட்டில் பேசும் நாஷின்ஸ்கிக்கோ பாடநூலில் இடமில்லை.

எல்லைக்கோடுகளும் இம்மக்களைக் கேட்டு வரையப்படவில்லை. 1912, 1913ஆம் ஆண்டுகளின் பால்கன் போர்களுக்குப் பின் கோரா துண்டுபட்டது. ஒன்பது ஊர்கள் அல்பேனியாவிலும், இரண்டு ஊர்கள் மாசிடோனியாவிலும் சிக்கின. முன்பு குளிர்காலத்தில் தெற்குச் சமவெளிகளுக்கு ஆட்டு மந்தைகளை ஓட்டிச் சென்றவர்களுக்கு அவ்வழி அடைபட்டது. மந்தை குறையக் குறைய, ஆண்கள் பெல்கிரேடு முதலிய நகரங்களில் இனிப்புக் கடையும் ரொட்டிக் கடையும் வைத்துப் பிழைத்தனர். இப்புலம்பெயர் பிழைப்பை அவர்கள் 'குர்பெத்' என்பர். நம் கடற்கரை ஊர்களில் 'சபர்' போதல் என்கிறோமே, அதுபோல இதுவும் அரபியிலிருந்து வந்த சொல்லே. இரண்டிலும் வீட்டில் காத்திருப்பவர் பெண்தான்.

1990களில் பெல்கிரேடு அரசு கோராவைத் தனி நகராட்சியாக்கி, ஒபோயாவைப் பிரிஸ்ரெனோடு சேர்த்தது. 1999ஆம் ஆண்டுப் போருக்குப் பின் ஐ.நா. நிர்வாகம் இரண்டையும் மீண்டும் இணைத்தது. அதற்குள் கோரானியர் பலர் ஊரைவிட்டே வெளியேறிவிட்டனர்.

இன்று கோடை பிறந்ததும் வெளிநாடுகளிலிருந்து குடும்பங்கள் திரும்புகின்றன. பூட்டிக் கிடந்த வீடுகள் திறக்கின்றன. திருமணங்களையும் அப்பருவத்திலேயே வைத்துக்கொள்கின்றனர். ஆகஸ்டு கழிந்ததும் வாசல்களில் மறுபடியும் பூட்டு.