சான்றிதழ் ஓரிடம், கழிவு வேறிடம்

புது தில்லி: நாடாளுமன்ற வளாகத்திலிருந்து சில கிலோ மீட்டர் தொலைவில், யமுனைக்கு அப்பால் உள்ளது சீலம்பூர். பழைய கணினி, கைப்பேசிகளைப் பிரித்து உலோகம் எடுக்கும் தொழிலுக்குப் பெயர்பெற்ற பகுதி. ஒயர்களை எரித்துத் தாமிரமும், சர்க்யூட் பலகைகளை அமிலத்தில் இட்டுத் தங்கமும் எடுப்பது இத்தொழிலின் மலிவான வழி. காரீயமும் நச்சுப் புகையும் முதலில் சேர்வது தொழிலாளர்களின் உடலில்தான்.

மின்னணுக் கழிவு குறித்து மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவரப்பட்டது 2005-ல். தனி விதிகள் நடைமுறைக்கு வந்ததோ 2012 மே மாதத்தில். தற்போதைய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன.

இதன்படி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைகள், மீட்டெடுத்த தங்கம், தாமிரம், அலுமினியம், இரும்பு ஆகியவற்றின் அளவுக்கேற்பச் சான்றிதழ் பெறும். 106 வகைப் பொருள்களின் உற்பத்தியாளர்கள் அவற்றை வாங்கி, தங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட இலக்கை ஈடுசெய்யலாம்.

கழிவு ஆலைக்கே போகாமல் சான்றிதழ் மட்டும் கைமாறினால்? இதே போன்ற முறை உள்ள பிளாஸ்டிக் கழிவுத் துறையில் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் 2023-ல் கண்டறியப்பட்டன.

தலைநகர்வாசிகளோ, வீடு தேடி வந்து ரொக்கம் தரும் கபாடிவாலாவிடமே பழைய பொருள்களைப் போடுகின்றனர். கழிவைப் பிரிக்கும் தொழிலாளர்களைப் பதிவு செய்து, பயிற்சியும் பாதுகாப்பும் அளிப்பது மாநில அரசுகளின் பொறுப்பு என்கின்றன விதிகள். அது நிறைவேறாதவரை, சான்றிதழ் ஓரிடத்திலும் கழிவு வேறிடத்திலுமே சேரும்.