மூக்கைத் திருத்திக் கொள்ளலாமா?



யாழ்ப்பாணம் கொக்குவிலில், பல்கலைக்கழகத்திற்கு அண்மையில் வாடகை அறையொன்றில் தங்கிப் படிக்கும் மகள் ஒருவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வயது 24. பிறந்த ஊர் கிழக்கு மாகாணத்தில். சிறு வயதில் கிணற்றுக் கட்டில் முகம் மோத விழுந்த நாளிலிருந்து மூக்கின் ஒரு பக்கத்தால் அவருக்குச் சரியாக மூச்சு வருவதில்லை. பீனிசம் என்று எண்ணிப் பல ஆண்டுகள் ஆவி பிடித்திருக்கிறார். அண்மையில் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்டியபோது, உள்ளே நடுத்தட்டு வளைந்திருக்கிறது, சத்திரசிகிச்சை செய்து நிமிர்த்தலாம் என்று கூறப்பட்டதாம்.

இதைத் தொலைபேசியில் கேட்ட உம்மா சொன்ன வார்த்தையை அம்மகள் அப்படியே எழுதியிருக்கிறார்: "உள்ள வெட்டுறதோட வெளிய இருக்கிற மேட்டையும் சீவச் சொல்லு மகள். பொண்ணு பார்க்க வந்த ரெண்டு இடமும் மூக்கச் சொல்லித்தானே போச்சு." அம்மகளின் கேள்வி இதுதான்: மூச்சுக்காகச் செய்வது ஆகும் என்றால், அதே மேசையில், அதே மயக்கத்தில், அழகுக்காகச் சிறிது செய்வது மட்டும் ஹராமாகுமா?

நான் அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் இக்கேள்வி எங்கள் வகுப்பில் எழவில்லை. பல் கட்டுவது, முடியோடு முடி ஒட்டுவது என்பதோடு பாடம் முடிந்துவிடும். ஆகவே கிதாபுகளைப் புரட்டியும், வைத்தியர் ஒருவரிடம் கேட்டறிந்தும் தாமதமாகவே இதனை எழுதுகிறேன். மகள் பொறுத்துக் கொள்ள வேண்டும்.

மூக்கைப் பற்றிய மார்க்கப் பேச்சு புதியதன்று. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரழி) என்ற ஸஹாபி, அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் என்னும் போரில் தமது மூக்கை இழந்தார். வெள்ளியினால் ஒரு மூக்கைச் செய்து பொருத்திக் கொண்டார். அதிலிருந்து துர்நாற்றம் வீசத் தொடங்கவே, தங்கத்தினால் மூக்கொன்றைச் செய்து கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அவரைப் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதி, நஸாஈ ஆகிய கிரந்தங்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது. ஆண்கள் தங்கம் அணிவது தடுக்கப்பட்டது என்பதை நீங்கள் அறிவீர்கள். அத்தடையே இவருக்காகத் தளர்த்தப்பட்டது.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். மூக்கில்லாமலும் மனிதன் உயிர்வாழ்வான். உலோகத்தால் ஆன மூக்கு எந்த நோயையும் குணப்படுத்துவதில்லை. மனிதர் முன் கூசாமல் நிற்க வேண்டும் என்பதே அவருடைய பெரிய தேவையாக இருந்திருக்கும். அத்தேவையை நபியவர்கள் அற்பமாகக் கருதவில்லை. முகத்தைப் பற்றிக் கவலைப்படும் பிள்ளையை, "உனக்கு ஈமான் குறைவு" என்று சொல்லி வாயடைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வாறு சொல்பவர்கள் அர்ஃபஜா (ரழி) அவர்களின் செய்தியை ஒருமுறை ஓதிப் பார்க்கட்டும்.

மறுபக்கமும் உண்டு. அல்லாஹ்வின் படைப்பை மாற்றும்படி மனிதர்களைத் தூண்டுவேன் என்று ஷைத்தான் சூளுரைத்ததை ஸூரத்துந் நிஸாவின் 119ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. பச்சை குத்துவோரும், அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்குவோரும் சபிக்கப்பட்டதாக இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் வாயிலாக புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் வந்துள்ளது. இந்த ஹதீஸுக்கு விளக்கம் எழுதிய இமாம் நவவி (ரஹ்) அவர்கள், அழகுக்காக என்ற அந்தச் சொல்லின் மீதே விரலை வைக்கிறார்கள். வைத்தியத்திற்காகவோ பல்லில் உள்ள குறையை நீக்கவோ செய்யப்பட்டால் அதில் தவறில்லை என்பது அவர்களது விளக்கம். ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நமக்கு இது மிகவும் பயனுள்ள வேறுபாடாகும்.

நம் காலத்து அறிஞர்களும் இதே வழியில்தான் சென்றிருக்கிறார்கள். 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அக்கடமி, அழகியல் சத்திரசிகிச்சை பற்றித் தனியாக ஒரு தீர்மானம் வெளியிட்டது. பிறவிக் குறைகளையும், விபத்தினாலும் தீக்காயத்தினாலும் நோயினாலும் ஏற்பட்ட குறைகளையும் சீர்செய்யலாம். பிளந்த உதடும் கடுமையாகக் கோணிய மூக்கும் இதில் அடங்கும். உடலுக்கோ உள்ளத்துக்கோ அவற்றால் உண்டாகும் தீங்கும் கருத்திற் கொள்ளப்படும். ஆனால் இயல்பாக அமைந்த முகத்தை, மனவிருப்பத்திற்காகவும் பிறரைப் போலத் தோன்றவும் மாற்றியமைப்பது கூடாது. மூக்கின் வடிவத்தை மாற்றுவது அந்த இரண்டாவது பட்டியலில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டுள்ளது. ஆக, மூக்கு இரண்டு பட்டியலிலும் இருக்கிறது! நமது மகளின் சிக்கலும் அதுவே.

இழந்ததை மீட்பது, இருப்பதை மாற்றுவது என்னும் இவ்விரண்டும் வைத்திய வரலாற்றிலும் வெவ்வேறு காலங்களிலேயே தோன்றின. மூக்கைச் சீர்செய்யும் கலை நமது பக்கத்து நாட்டில் பிறந்தது. கன்னத்துத் தோலை எடுத்து அறுபட்ட மூக்கை அமைக்கும் முறையைச் சுஸ்ருதரின் வைத்திய நூல் விவரிக்கிறது. பிற்காலத்தில் நெற்றித் தோலைப் பயன்படுத்தினார்கள். திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போரில், ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியர் 1792இல் சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டார். திப்புவை நாம் போற்றுகிறோம் என்பதற்காக இதனை மறைக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ ஓராண்டின் பின், பூனாவுக்கு அண்மையில் செங்கல் சுடும் குலத்தைச் சேர்ந்த ஒருவர், மெழுகில் மூக்கின் அளவெடுத்து, அதனை விரித்து நெற்றியில் வைத்து வரைந்து, புருவங்களுக்கு இடையே ஒரு துண்டு அறுபடாமல் தோலை உரித்துத் திருப்பி, கவாஸ்ஜிக்குப் புதிய மூக்கை அமைத்துக் கொடுத்தார். இச்செய்தி 1794 ஒக்டோபரில் இலண்டன் சஞ்சிகையொன்றில் படத்துடன் வெளியாயிற்று. அதைப் படித்த ஜோசப் கார்பியூ என்ற வைத்தியர் 1814இல் இலண்டனில் அம்முறையைச் செய்து வெற்றி கண்டார்.

குறையில்லாத மூக்கைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை அதற்கும் மிகவும் பிந்தியது. ஜேர்மனியின் பேர்லினில் ஜாக் ஜோசப் என்ற யூத வைத்தியர், பெரிய மூக்கினால் வெளியே நடமாடவே வெட்கப்பட்ட ஒருவருக்கு 1898இல் அதனைச் செய்தார். பின்னர் தம்மிடம் வந்தவர்களுள் யூதர்கள் பலர். மூக்கைக் கண்டே தங்களை இழிவாக நோக்கும் சமூகத்தில் கண்ணில் படாமல் வாழ அவர்கள் விரும்பினார்கள். நோய் அவர்களுடைய மூக்கில் இருந்ததா, பார்த்தவர்களின் கண்ணில் இருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? பெண் பார்க்கும் படலத்தையும் அந்தக் கேள்வியோடு நினைத்துப் பாருங்கள்.

இனி மகளின் மூக்குக்கு வருவோம். நடுத்தட்டை நிமிர்த்துவது சிகிச்சை. அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. அரச வைத்தியசாலையில் கட்டணமின்றியே செய்து கொள்ளலாம். முறை வரும்வரை காத்திருக்க நேரிடலாம், அவ்வளவே. அதனால் மூக்கின் வெளித்தோற்றம் பொதுவாக மாறாது. வெளியே உள்ள மேடு எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. கிணற்றுக் கட்டில் விழுந்தபோது எலும்பு முறிந்து, கோணலாகப் பொருந்தியதால் உண்டான மேடாயின், அதனைச் சீர்செய்வது முன்பிருந்ததை மீட்பதாகும். உட்புறத்தோடு சேர்த்து ஒரே தடவையில் செய்து கொள்வதில் எனக்குத் தடையேதும் தெரியவில்லை. உம்மம்மாவிடமிருந்து வந்த மூக்காயின் அது குறையன்று, குடும்பத்தின் சாயல். அழகுக்காக மட்டும் அதனைச் சீவுவதற்கு அனுமதி உண்டென்று என்னால் சொல்ல முடியாது. அதே மேசை, அதே மயக்கம் என்பதால் இரண்டு செயல்களும் ஒன்றாகிவிடா.

இதை அறிய ஒரு எளிய வழி உண்டு. வீட்டிலுள்ள பழைய புகைப்படங்களை எடுங்கள். விழுவதற்கு முன்னும் பின்னும் எடுத்தவை, உம்மாவின் பக்கத்து மூத்தவர்களுடையவை எல்லாவற்றையும் வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். குழந்தைப் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். மூக்கு பெண்களுக்கு 15, 16 வயது வரையும், ஆண்களுக்கு 17, 18 வயது வரையும் வளர்கிறது. பரம்பரை மேடு அந்த வளர்ச்சியின்போதே வெளிப்படும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு இச்சத்திரசிகிச்சையை வைத்தியர்கள் பெரும்பாலும் தள்ளிப் போடுவதும் இதனாலேயே.

மூன்றாவது நிலையொன்றும் உண்டு. மூக்கு இயல்பானதே, ஆயினும் அதன் காரணமாக ஒருவர் வகுப்புக்குப் போகாமல், கண்ணாடியை விட்டு நகராமல் வருந்துகிறார். உள்ளத்தின் தீங்கும் தீங்குதான். ஆனால் அதனைத் தீர்மானிக்க வேண்டியவர் கல்யாணத் தரகர் அல்லர். பிறர் கண்ணுக்குத் தெரியாத சிறு குறையை மலையளவாகக் காணும் மனநோயொன்று இருக்கிறது. அந்நோயாளருக்கு மூக்கை எத்தனை முறை திருத்தினாலும் நிம்மதி வருவதில்லை. நல்ல சத்திரசிகிச்சை நிபுணர்கள் அவர்களை மனநல வைத்தியரிடமே அனுப்புகிறார்கள்.

கையில் இருக்கும் தொலைபேசியும் இதில் ஒரு பங்காளி. கையெட்டும் தூரத்திற்கும் அருகில், ஏறத்தாழ ஓரடியில் வைத்துத் தம்மைத் தாமே படமெடுத்தால் மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு அகலமாகத் தோன்றும் என்று 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஐந்தடி தொலைவிலிருந்து எடுத்தால் அப்படித் தெரிவதில்லை. இல்லாத மூக்கொன்றைப் பார்த்து அழும் பிள்ளைகள் எத்தனை பேரோ!

செய்து கொள்ளத் தீர்மானிப்பவர்கள் என்ன நடக்கும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். வெளிவடிவத்தை மாற்றும் சத்திரசிகிச்சை பெரும்பாலும் முழு மயக்கத்தில் நடக்கும். எலும்பை அராவியும், சில வேளை உடைத்து நெருக்கியும், குருத்தெலும்பை வெட்டியும் ஒட்டியும் வடிவமைப்பார்கள். ஏறத்தாழ ஒரு வாரம் மூக்கின்மேல் கட்டு இருக்கும். கண்ணைச் சுற்றிக் கருநீலம் பாயும். வீக்கத்தின் பெரும்பகுதி சில வாரங்களில் வற்றினாலும், இறுதி வடிவம் தெரிய ஓராண்டு வரை செல்லும். கைதேர்ந்தவர்கள் செய்தாலும் நூற்றுக்கு 5 முதல் 15 பேருக்கு மறுபடியும் செய்ய நேரிடுவதுண்டு. அளவுக்கு மிஞ்சிச் சீவினால் மூக்குத் துவாரம் ஒடுங்கி, நன்றாக இருந்த மூச்சும் கெட்டுப்போகும். மூச்சுக்காகப் போன மகள் மூச்சை இழந்து வருவதை எந்த உம்மாவும் விரும்பமாட்டார்.

தொழுகையைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. வுழூவில் மூக்கினுள் நீர் செலுத்துவது நமது மத்ஹபில் சுன்னத்; வைத்தியர் தடுத்த நாட்களில் அதனை விட்டுவிடலாம். கட்டு இருக்கும்போது முகத்தின் ஏனைய பகுதியைக் கழுவி, கட்டின்மீது ஈரக்கையால் தடவி, தயம்மும் சேர்த்துச் செய்ய வேண்டும். குனியக் கூடாது என்று சொல்லப்பட்டிருந்தால் ஸஜ்தாவைச் சைகையால் நிறைவேற்றலாம். தொழுகையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பெற்றோர்களே, இனிச் சொல்லப் போவது உங்களுக்கு. குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கைப் பிடித்து உருட்டி நீவுகிறோம். அதனால் மூக்கு நீள்வதில்லை. குழந்தை அழுவது மட்டுமே மிச்சம். அங்கே தொடங்குகிறது இந்தக் கதை. பிறகு சப்பை மூக்கி, கிளிமூக்கன் என்று செல்லப்பெயர். பட்டப்பெயர் சூட்டி அழைப்பதை ஸூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் தடுத்திருக்கிறான் என்று மிம்பரில் கேட்டுவிட்டு வந்து, வீட்டில் அதே பெயரால் பிள்ளையைக் கூப்பிடுகிறோம். 24 வயதில் அதற்கே சத்திரசிகிச்சையும் தேடுகிறோம். வீடும் நகையும் எழுதிய சீதனப் பட்டியலில் இப்போது மூக்கும் ஏறிவிட்டது.

அழகற்றவர் என்று கருதப்பட்ட ஜுலைபீப் (ரழி) அவர்களுக்காக நபி (ஸல்) அவர்கள் அன்ஸாரிகளிடம் பெண் கேட்டபோது, முதலில் தயங்கியவர்கள் பெண்ணின் பெற்றோரே. நபியின் சொல்லைத் தட்டலாமா என்று கேட்டு உடன்பட்டவர் அந்தப் பெண். தோற்றத்தைத் தாண்டிப் பார்க்கும் கண் சில வேளைகளில் பிள்ளைகளிடமே இருக்கிறது.

மகளே, நீர் வயது வந்தவர், புத்தியுள்ளவர். சத்திரசிகிச்சைப் படிவத்தில் கையொப்பம் இடப் போவதும் நீரே; வலியைத் தாங்கப் போவதும் நீரே. உமது உடம்பில் கத்தி வைக்கும்படி உம்மா சொல்வது, கீழ்ப்படிந்தே ஆக வேண்டிய கட்டளை அன்று. ஆயினும் கோபத்தோடு மறுக்க வேண்டாம். உம்மாவின் பயம் மூக்கைப் பற்றியதன்று, உமது நிகாஹைப் பற்றியது. உமது கடிதம் முழுவதையும் மூன்று முறை படித்தேன். உம்மா என்ன விரும்புகிறார், வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. மேடு உமக்கு வேண்டாமா என்பது மட்டும் எங்கும் இல்லை. அடுத்த கிளினிக் நாளுக்கு முன் ஊருக்குச் செல்லும்போது அல்பத்தை எடுத்து உம்மாவுடன் உட்கார்ந்து பாரும். உம்மம்மாவின் படம் வரும் பக்கத்தில், உம்மாவையே முதலில் பேச விடும்.