இரவலும் வாடகையும்

மாணவ நண்பர்களே, இரவலுக்குக் காசு இல்லை. வாடகைக்குக் காசு உண்டு. இரண்டிற்கும் உள்ள வேற்றுமை அவ்வளவுதானா? என் பழைய மாணவர் ஒருவர் கற்ற பாடத்தைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

இராமாநுசர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் இன்று தொழில் வட்டாரமாகவும் விளங்குகிறது. அருகேயுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு ஹூண்டாய் ஆலை கார் உற்பத்தியைத் தொடங்கிற்று. ஒரகடத்தில் 2010இல் ரெனோ நிஸான் ஆலை திறக்கப்பெற்றது. தொழிலாளர் வந்து குடியேறவே, சுற்றுப்புறங்களில் வீடுகள் எழுந்தன. வீடு கட்டுவோருக்கு ஏணி, சாரக் கம்பு, டிரில்லிங் மெஷின் ஆகியவை சில நாட்களுக்கு மட்டுமே தேவை. சில நாள் வேலைக்காக அவற்றை விலை கொடுத்து வாங்குவார் உண்டோ? அக்காலத்து வாடகைச் சைக்கிள் கடையும், கலியாணப் பாத்திரக் கடையும் இவ்வாறு பிறந்தவையே.

ஒரகடத்தை அடுத்து வாழும் அம்மாணவர், தம் வீட்டுத் தாழ்வாரத்திலேயே இத்தொழிலைத் தொடங்கினார். கணக்கை முதலில் பார்ப்போம். ஒரு மெஷினின் விலை 10,800 ரூபாய், நாள் வாடகை 300 ரூபாய், மாதத்தில் 10 நாள் வெளியே போகிறது என்று வைத்துக்கொள்வோம். வரவு 3,000 ரூபாய். இது முழுவதும் இலாபம் அன்று. பழுது பார்க்க 1,000 ரூபாய் ஒதுக்குக. மெஷின் 36 மாதம் உழைக்குமாயின், புதியது வாங்க மாதம் 300 ரூபாய் சேர்த்தல் வேண்டும். எஞ்சுவது 1,700 ரூபாயே. பழுதுக்குரிய பணத்தையும் செலவழித்துவிடுவோர் பலர். என் மாணவரும் அதைத்தான் செய்தார்.

ஒருநாள் அவரிடம் மெஷின் எடுத்துச் சென்ற கொத்தனார் ஒருவர், மின் அதிர்ச்சி தாக்கிச் சாரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பிரித்துப் பார்த்தபோது, கைப்பிடிக்குள் ஒயரின் உறை வெடித்திருந்தது. “உள்ளே இருந்த பழுது எனக்குத் தெரியாதே, ஐயா!” என்று அவர் என்னிடம் வந்து கலங்கினார்.

“தம்பி, தெரியாது என்பது இங்கே விடையாகாது” என்றேன். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 150ஆம் பிரிவைக் காண்க. பொருளை ஒருவர் இலவசமாகக் கொடுத்தால், தமக்குத் தெரிந்த குறையைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமையால் விளையும் தீங்கிற்கே அவர் பொறுப்பாளி. வாடகைக்குக் கொடுத்தாலோ, குறை அவருக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாதிருந்தாலும், அதனால் நேரும் தீங்கு அவரையே சாரும். இரவலுக்கும் வாடகைக்கும் உள்ள மெய்யான வேற்றுமை இதுவே.

எடுப்பவருக்கும் கடமை உண்டு. சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைப் பேணும் அளவு கவனத்துடன் அதனைப் பேணவேண்டும் என்பது 151ஆம் பிரிவு. அவ்வாறு பேணியும் பழுதுபட்டால், வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்து, இழப்பு உடையவரையே சேரும்.

என் மாணவர் கொத்தனாரின் மருத்துவச் செலவை ஏற்றார். வேலையிழந்த நாட்களின் கூலியையும் தந்தார். இன்று அவரிடம் ஒரு குறிப்பேடு உண்டு. பொருள் போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை, ஒயர், பிளக், கைப்பிடி ஆகியவற்றைச் சோதித்து, இருவரும் கையொப்பமிடுகின்றனர். முன்பணத் தொகையும் திருப்பித் தரவேண்டிய நாளும் அதிலேயே பதிவாகின்றன. மின்கசிவு நேர்ந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் கருவி பொருத்திய பெட்டியும் மெஷினுடன் செல்கிறது. பழுதுக்குரிய பணம் தனி உண்டியலில் சேர்கிறது.

நண்பர்களே, நாளை உங்களில் சிலர் இத்தொழிலில் இறங்கலாம். முதலில் ஒரே ஒரு பொருளை வாங்குங்கள். அதைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு வாடகைக்கு விடுங்கள். உங்கள் பொருளை ஏந்தும் கை, ஒரு குடும்பத்திற்குச் சோறிடும் கை அன்றோ?