மூன்று எழுத்தில் திறக்கும் பிரேக்கர்

தொழிற்சாலைகளின் உயர் அழுத்த சுவிட்ச் அறையில் ரிலே என்ற கருவி இரவும் பகலும் மின்னோட்டத்தைக் கண்காணிக்கிறது. கோளாறு கண்டால் நொடிக்குள் பிரேக்கரைத் திறந்துவிடும். அதே பிரேக்கரை, ரிலேயின் சீரியல் போர்ட்டில் மடிக்கணினியை இணைத்து மனிதரும் இயக்கலாம்.

அமெரிக்காவின் எஸ்இஎல் நிறுவனத் தயாரிப்பான 351 ரிலேயைப் பார்ப்போம். இரு பக்கமும் இணைப்பு வேகம் ஒன்றாக இல்லையென்றால் திரையில் குப்பை எழுத்துகள்தான் வரும். ‘ஏசிசி’ என்று தட்டி கடவுச்சொல் கொடுத்தால் அளவுகளைப் படிக்கலாம், அவ்வளவுதான். படிக்க வந்தவர் தவறிப்போய் எதையும் திறந்துவிட முடியாது, நல்ல ஏற்பாடு. ‘2ஏசி’ தட்டி, இரண்டாம் கடவுச்சொல்லும் சரியாக இருந்தால், ‘ஓப்பன்’ என்பதன் முதல் மூன்று எழுத்தான ‘ஓபிஇ’ எடுபடும். அப்போதும் ரிலே இரு முறை கேட்கும்: திறக்கவா? நிச்சயமா? உள்ளே சர்க்யூட் போர்டில் பிரேக்கர் ஜம்பர் பொருத்தப்படவில்லை என்றால் ஆணையை மறுத்துவிடும்.

ஆனால், தயாரிப்பாளர் வைத்து அனுப்பும் கடவுச்சொற்கள் கையேட்டிலேயே அச்சாகியுள்ளன. அவற்றை மாற்றாவிட்டால் பூட்டில் சாவியைத் தொங்கவிட்ட கதைதான்.

பிரேக்கரை மூடும் ‘சிஎல்ஓ’ ஆணைதான் அதிக ஆபத்தானது. அந்த லைனில் ஒருவர் கைவைத்து வேலை செய்வது ரிலேக்குத் தெரியாது. எனவே, பிரேக்கர் திறந்திருப்பதாகத் திரை காட்டினால் மட்டும் போதாது. லைனைத் தனிமைப்படுத்தி, பூட்டுப் போட்டு, மின்சாரம் இல்லை என்று சோதித்து, எர்த் செய்த பிறகே தொட வேண்டும்.